மறுப்பு இல்லை

ஓர் எழுத்தாளர் இறந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று மெக்கானிக் ஒருவர் ஓர் இணையக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது.

‘அன்புள்ள எழுத்தாளருக்கு, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றால், பதிவு செய்த உங்கள் மின்னஞ்சலிலிருந்தே எங்களுக்குத் தெரிவிக்கவும். உங்கள் சார்பில் வேறு எவர் தெரிவித்தாலும் ஏற்க இயலாது. உங்கள் பாதுகாப்பே எங்கள் கவலை.’

இந்தப் பதில் உதவியாக இருந்ததா என்று கேட்டுக் கீழே ஒரு சிரித்த முகமும் ஓர் அழுத முகமும் போட்டிருந்தது. மெக்கானிக் எதையும் தொடவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது அவர் வேலையில் பாதி. மகளுக்கு ரத்தத்தில் கோளாறு. மழை தொடங்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மழை விட்டபோது அவரும் மனைவியும் மட்டும் வீட்டுக்கு வந்தார்கள்.

மகள் எழுதுவாள் என்பது இருவருக்கும் தெரியும். என்ன எழுதுகிறாள் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. சரக்குக் கப்பலில் நடக்கும் கதை. இரண்டாம் வருஷம் கப்பல் டாக்டரைக் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. டாக்டர் சாகவில்லை என்று தாங்களே கதை எழுதத் தொடங்கினார்கள். இப்படி ரசிகர்கள் எழுதியதையும் வரைந்ததையும் லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம்தான் காப்பகம். யாருக்கும் லாபம் கிடையாது. நடத்துகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

மகள் அங்கே ‘ஈரக்குடை’ என்ற பெயரில் எழுதினாள். அவளுடைய டாக்டர் ஒரு பாறையில் ஒதுங்குகிறார். மீன்பிடிக்காரர்களோடு தங்குகிறார். சொத்தைப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறார். தன் கப்பலைத் தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைகிறார். வெளியான கடைசி அத்தியாயத்தில் ஒரு படகில் கப்பலை நெருங்கிவிடுகிறார். மேலேயிருந்து யாரோ கயிறு வீசுகிறார்கள். அதோடு நிற்கிறது.

கீழே வாசகர்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். ‘கயிற்றைப் பிடித்தாரா?’ ‘அக்கா, பிடித்தாரா இல்லையா?’ ‘ஈரக்குடை, இது உனக்கே நியாயமா?’

மெக்கானிக் எல்லா அத்தியாயங்களையும் மதியச் சாப்பாட்டு நேரங்களில், லிஃப்ட் எந்திர அறைகளில் உட்கார்ந்து படித்தார். முடித்தபோது அவருக்கும் அதே கேள்விதான். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

“கடைசி அத்தியாயம் எழுதிட்டேம்பா” என்று மகள் சொல்லியிருந்தாள். “காப்பகத்துல வரைவா போட்டு வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போய் ஒருதரம் படிச்சுப் பார்த்துட்டு வெளியிட்டுடறேன்.”

“இப்பவே வெளியிட்டுடேம்மா.”

“என்னப்பா அவசரம்? டாக்டர் எங்கயும் ஓடிடமாட்டார்.”

அவள் போனுக்குப் பூட்டு. திறக்கிற எண் அவளோடு போயிற்று. போன் கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திறந்துடலாம் சார், ஆனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும்” என்றான்.

“உள்ள இருக்கறதுக்காகத்தானப்பா திறக்கச் சொல்றேன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வெளியிடாத வரைவு என்ன ஆகும் என்று காப்பகத்துக்கு மறுபடி எழுதினார். எழுத்தாளர் உயிரோடு இருக்கும்வரை வரைவு பத்திரமாக இருக்கும் என்று பதில் வந்தது. இறந்தது உறுதியானால் வெளியான படைப்புகளுக்கு மேல் ஒரு பூ வைக்கப்படும். வரைவுகள் அழிக்கப்படும். வெளியிடலாமா என்று இறந்தவரிடம் கேட்க இயலாது என்பதால் இந்த ஏற்பாடு.

மெக்கானிக் மகள் இறந்ததைச் சொல்லவில்லை. விதிவிலக்குக் கேட்டு மனுப் போட முடியுமா என்று மட்டும் எழுதினார். தாராளமாகப் போடலாம், மனுக்களைப் பார்க்கும் குழுவில்தான் தற்போது ஒருவரும் இல்லை, நீங்களே தன்னார்வலராகச் சேர்ந்தால் பணி விரைவாகும் என்றார்கள். சேர்ந்தார்.

காப்பகத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது, முகமும் கிடையாது. கூட்டமெல்லாம் இணையத்தில், குரல் வழியாக. யாரும் யாருடைய உண்மைப் பெயரையும் கேட்கக்கூடாது. தெரிந்தாலும் சொல்லக்கூடாது. இதுதான் முதல் விதி. தலைவர் பேசும்போது பின்னால் பல் ராவுகிற சத்தம் கேட்கும். நடுநடுவே “வாயை இன்னும் கொஞ்சம் திறங்க” என்பார். அவர் பல் டாக்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது. விதிக் குழுவைப் பார்த்துக்கொண்ட அம்மா எதற்கெடுத்தாலும் “இதுக்கு ஆதாரம்?” என்பதால் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருக்க வேண்டும். இன்னொருவர் எப்போதும் கிசுகிசுப்பாகவே பேசுவார். நூலகர். நான்காமவர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர்.

நேர்காணலை நூலகரும் தணிக்கை அம்மாவும் நடத்தினார்கள்.

“உங்க புனைபெயர் ‘மெக்கானிக்’னு போட்டிருக்கு” என்று நூலகர் கிசுகிசுத்தார். “எந்தத் தொடர்ல வர்ற மெக்கானிக்?”

“தொடர்ல இல்லைங்க. நான் நிஜமாவே மெக்கானிக்.”

“அதைச் சொல்லக்கூடாது” என்றார் தணிக்கை அம்மா. “இது முதல் எச்சரிக்கை. எதுக்காகச் சேர நினைக்கறீங்க?”

“ஒரு மனு இருக்குங்க. பார்க்க ஆள் இல்லைன்னாங்க.”

“யாரோட மனு?”

“என்னோடதுதான்.”

“சொந்த மனுவைச் சொந்தமா பார்க்கக்கூடாது. உங்களை வேற குழுவுல போடறோம்.”

குறிச்சொல் குழுவில் போட்டார்கள். எழுதுகிறவர்கள் கதையோடு இன்ன கதை என்று சில சொற்களை ஒட்டிவிடுவார்கள், தேடுகிறவர்களுக்கு வசதியாக. ஒரே பொருளுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக ஒட்டியதைச் சேர்த்துக் கட்டுவது குழுவின் பணி. அப்போது கப்பல் டாக்டரின் முறை. ‘டாக்டர் சாகவில்லை.’ ‘டாக்டர் உயிரோடு இருக்கிறார்.’ ‘டாக்டர் செத்தது கனவு.’ ‘டாக்டர் செத்தார், ஆனால் பரவாயில்லை.’ ‘டாக்டரைக் கொன்றவன் விளங்கமாட்டான்.’ கடைசியைப் பொதுவான கருத்து என்று ஒதுக்கினார்கள். முதல் இரண்டும் ஒன்றா வேறா என்பதில் குழு பிளந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. ஓர் உறுப்பினர் நட்பை முறித்துக்கொண்டார். ஒருவர் கட்டுரை வாசித்தார்.

“மெக்கானிக், நீங்க ஒண்ணுமே சொல்லலையே” என்றார் நூலகர். “சாகவில்லைங்கறதும் உயிரோட இருக்கார்ங்கறதும் ஒண்ணுதானே?”

மெக்கானிக் வாயைத் திறந்தார். மணி அடித்தது.

“மெக்கானிக், மறுப்பு இல்லை” என்று நூலகர் பதிந்துகொண்டார்.

காப்பகமே இந்த மணியில்தான் ஓடியது. யாரும் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. பதில் வந்தால்தான் முடிவு என்றால் ஒன்றும் நடக்காது. ஆகவே மணி அடிப்பதற்குள் மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர் என்று விதி செய்தார்கள். அதன் பிறகு எல்லாம் ஏகமனதாக நடந்தன.

இரண்டு குறிச்சொற்களும் ஒன்றாயின. மகளின் கதையில் ‘சாகவில்லை’ என்று இருந்த இடத்தில் மறுநாள் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று இருந்தது. மெக்கானிக் அதை மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

தவறாமல் கூட்டத்துக்கு வருகிறவர் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. குறிப்பு எழுதுகிறவருக்கு எல்லாக் கூட்டத்திலும் உட்கார உரிமை உண்டு. பேச உரிமை இல்லை. மெக்கானிக்கின் விரல்களுக்கு லிஃப்ட் பொத்தானே சிறியது. மனைவி பதிவாளர் அலுவலகத்தில் தட்டெழுத்தர். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். இந்தத் தலைவர் எதற்கு இவ்வளவு பேசுகிறார் என்று நடுவில் கேட்பாள். “வாய் திறந்திருக்கறவங்க எதிர்ல இருந்தா அவருக்குப் பேச்சு வரும்” என்பார் இவர்.

இயக்குநர் குழுவில், தலைவர் முதலான அந்த நால்வரையும் சேர்த்து, ஐந்து இடம். ஐந்தாமவர் விலகினார். விலகல் கடிதத்தைப் படிக்க யாருக்கும் நேரம் கிடைக்காததால் கொஞ்ச காலம் இயக்குநராகவே நீடித்தார். பிறகு தேர்தல் அறிவித்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. விதியில் அதற்கும் வழி இருந்தது. அதிகம் படிக்கப்படும் எழுத்தாளர்கள் தாமாகவே வேட்பாளர்கள். வேண்டாதவர் மணி அடிப்பதற்குள் மறுத்து எழுத வேண்டும். எழுதினார்கள். ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்குத் தேர்வு. ‘எனக்கு நிம்மதி வேண்டும்’ என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் மறுத்த பிறகு மறுக்காத ஒருவர் மிஞ்சினார். போட்டியின்றித் தேர்வு.

அன்று மெக்கானிக் வேலையிலிருந்து திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். மகளின் போனை அவள்தான் தினமும் சார்ஜில் போட்டு வைப்பாள். அது வெளிச்சம் காட்டினால் போய்ப் பார்ப்பாள். பூட்டிய திரையில் இரண்டு வரி தெரியும், அவ்வளவுதான். மகள் படிப்பை முடித்துவிட்டு நெடுநாள் வேலை தேடிக்கொண்டிருந்தவள்.

“என்னங்க, இவளுக்கு வேலை கிடைச்சிருக்கு” என்றாள்.

திரையில் இருந்தது: ‘மாண்புமிகு இயக்குநர் ஈரக்குடை அவர்களுக்கு, வாழ்த்துகள்.’

மெக்கானிக் பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

“சொல்லிடுவோமா?” என்றாள் அவள்.

“சொன்னா பூ வெப்பாங்க. கதையை அழிச்சிடுவாங்க.”

“அப்போ வேணாம். இருக்கட்டும்.”

இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வரவேற்புரை நிகழ்த்தினார். “எத்தனையோ இயக்குநர்களைப் பார்த்திருக்கேன். வந்த உடனே பேச ஆரம்பிச்சுடுவாங்க. இவங்க அப்படி இல்லை. நான் சொல்றதைக் கேட்டுக்கணும்கற பணிவு இருக்கு. இளைய தலைமுறைகிட்ட இது அபூர்வம். சார், எச்சிலைத் துப்பிடுங்க. உங்களை இல்லை, ஈரக்குடை.”

மெக்கானிக் வருகைப் பதிவைச் சொல்ல, மனைவி அடித்தாள். ‘ஈரக்குடை: வந்திருந்தார். மறுப்பு இல்லை.’

ஈரக்குடையின் புகழ் வளர்ந்தது. அந்தச் சமயத்தில் இரண்டு எழுத்தாளர்களுக்குள் பெரிய சண்டை. கப்பல் டாக்டர் காதலித்தது கேப்டனையா சமையற்காரியையா என்பது விஷயம். இரண்டு கட்சியிலும் ஆள் சேர்ந்து, ஒருவரை ஒருவர் நீக்கச் சொல்லிப் புகார்கள் குவிந்தன. தலைவர் தலையிட்டார், முற்றியது. தணிக்கை அம்மா தலையிட்டார், ஒரு கட்சி இரண்டாகி மூன்று கட்சி ஆயிற்று. கடைசியில் தகராறை ஈரக்குடையிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு பேரும் ஈரக்குடைக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதினார்கள். மகளின் போன் சமையலறையில் ஓயாமல் வெளிச்சம் காட்டியது. பதில் வரவில்லை. எழுத எழுத இருவருக்கும் ஆத்திரம் வடிந்தது. கடைசிக் கடிதத்தில் ஒருவர், ‘நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதிலேயே என் தவறு எனக்குப் புரிகிறது’ என்று எழுதினார். சமாதானம் ஆயிற்று.

“மத்தியஸ்தம்னா இதுதான்” என்றார் தலைவர்.

தணிக்கை அம்மா யாரையும் பாராட்டிப் பேசியதில்லை. அவரே ஆண்டறிக்கையில் எழுதினார்: ‘நான் கொண்டுவந்த எந்தத் தீர்மானத்தையும் இயக்குநர் ஈரக்குடை எதிர்த்ததில்லை. விதிகளைக் கசடறக் கற்றவர் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.’ அடுத்த தலைவராக ஈரக்குடையைக் கொண்டுவரலாம் என்று பேச்சு அடிபட்டது. தலைவர் கொஞ்சம் பயந்து, தன் பதவியை நீட்டித்துக்கொள்ள ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஈரக்குடை பெருந்தன்மையாக அதையும் மறுக்கவில்லை.

மெக்கானிக் ஒருமுறை கம்ப்யூட்டர்காரரிடம் தனியாகப் பேசினார். தன் மனு ஒரு வரைவைப் பற்றியது, ஈரக்குடையின் கடைசி அத்தியாயம், அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்.

கம்ப்யூட்டர்காரர் தேடிவிட்டு வந்தார். “இருக்கு சார். பெரிய அத்தியாயம். கை நீட்டினா எடுத்துடலாம்.”

“எடுங்களேன்.”

“எடுக்கக்கூடாது சார். எழுதினவங்க வெளியிடாததை நாங்க திறந்து பார்க்க மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். அதை நம்பித்தான் இத்தனை பேர் இங்க எழுதறாங்க. நாளைக்கு உங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி எழுதி வெச்சிருக்கான்னு வெச்சுக்குங்க, நான் எடுத்துப் படிச்சா சம்மதிப்பீங்களா?”

மெக்கானிக் யோசித்தார். சம்மதிக்க மாட்டார்தான்.

“இருக்குல்ல?” என்று மறுபடி கேட்டார்.

“பத்திரமா இருக்கு சார்.”

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி அதைக் கேட்டார். கம்ப்யூட்டர்காரரும் சலிக்காமல் பார்த்துச் சொன்னார். மெக்கானிக் வீட்டுக்கு வந்து மனைவியிடம், “இருக்காம்” என்பார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அந்த வீட்டில் அப்போது நல்ல செய்தி என்றால் அதுதான்.

மறுபடி மழைக்காலம் வந்தபோது காப்பகத்தில் இடம் நிரம்பிவிட்டது. நிரப்பியது எது என்று கம்ப்யூட்டர்காரர் கணக்கெடுத்துச் சொன்னார். கதைகள் பிடித்த இடம் கொஞ்சம். படங்கள் கொஞ்சம். மீதியெல்லாம் கூட்டங்களின் ஒலிப்பதிவு.

“ஒலிப்பதிவுல கை வைக்க முடியாது” என்றார் தலைவர். “அது நம்ம வரலாறு.”

“குறிச்சொல் விவாதம் மட்டுமே ஒரு எந்திரத்தை முழுசா அடைச்சிருக்கு சார்.”

“அதான் சொல்றேன். எவ்வளவு பெரிய வரலாறு பாருங்க.”

தணிக்கை அம்மா தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு வருஷமாகத் தொடப்படாத வரைவுகள் எல்லாம் அழிக்கப்படும். “வெளியிடாத எழுத்து எழுத்தே இல்லை. கொடுக்காத வவுச்சர் மாதிரி. அதைக் காப்பாத்த நமக்கு என்ன கடமை? எந்த விதியில இருக்கு?”

“வரைவும் எழுத்துதான்” என்றார் நூலகர். “நான் எதிர்க்கிறேன்.”

“நானும் எதிர்க்கிறேன்” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“நான் ஆதரிக்கறேன்” என்றார் தலைவர். “ஒரு நிமிஷம்தான். வலிக்கவே வலிக்காது.”

“ஆதரவு ரெண்டு, எதிர்ப்பு ரெண்டு” என்றார் தணிக்கை அம்மா. “ஈரக்குடை?”

மணிக்கான நேரம் திரையில் குறைந்துகொண்டு வந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தால் மகளே தன் அத்தியாயத்தை அழிக்கச் சம்மதித்தவள் ஆகிவிடுவாள். ஒலிவாங்கியை அழுத்தினார்.

“அவ ஒத்துக்கமாட்டா.”

“யார் பேசறது?”

“நான்தாங்க, குறிப்பு எழுதறவன்.”

“குறிப்பு எழுதறவங்க எழுதணும்” என்றார் தணிக்கை அம்மா.

“அவ ஒத்துக்கமாட்டாங்க. வெளியிடறதுக்குன்னுதான் அதை வெச்சிருந்தா.”

“அதை அவங்க சொல்லட்டுமே. வாய்ப்புக் கொடுக்காம நாங்க எதையாவது முடிவு பண்ணியிருக்கோமா?”

“அவ இல்லைங்க.”

“வெளியூர் போயிருக்காங்களா?”

“செத்துப்போயிட்டாங்க. என் பொண்ணுங்க அவ.”

பல் ராவுகிற சத்தம் நின்றது.

“ஐயோ” என்றார் நூலகர். அவருடைய முழுக் குரலை எல்லோரும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

தலைவர் இரங்கல் தெரிவித்தார். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். ஒரு நிமிஷ மௌனம் அனுசரிக்கச் சொல்லி, பாதியில் யாரிடமோ “நீங்க கொப்பளிச்சுக்குங்க” என்றார்.

“எப்ப நடந்தது?” என்று கேட்டார் தணிக்கை அம்மா.

“போன மழைக்கு.”

“தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிங்க.”

தணிக்கை அம்மா தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மெதுவாக வந்தது. “அப்படின்னா அவங்க வாக்குல நிறைவேறினது எதுவும் செல்லாது. வரவுசெலவு செல்லாது. அந்த மத்தியஸ்தம் செல்லாது. ஆண்டறிக்கை செல்லாது.”

“என்னோட பதவி நீட்டிப்பு?” என்றார் தலைவர்.

“அதுதான் முதல்ல போகும்.”

மௌன அஞ்சலியைவிட நீண்ட மௌனம் ஒன்று அப்போது நிலவியது. அதைக் கலைத்தது தலைவர்தான். பல் ராவும் கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. உருக்கமாகவே பேசினார். சொன்னதை நம்பித்தான் பேசினார்.

“நண்பர்களே, நாமெல்லாம் இங்க எதுக்கு வந்தோம்? யாரோ ஒருத்தர் எழுதி ஒருத்தரைச் சாகடிச்சாங்க. நாம ஒத்துக்கலை. இல்லை, அவர் சாகலைன்னு சொன்னோம். அதுக்குத்தானே இந்தக் காப்பகம்? ஒரு கப்பல் டாக்டருக்குச் செஞ்சதை நம்ம சொந்த இயக்குநருக்குச் செய்யக்கூடாதா? தீர்மானம் சொல்றேன். மெக்கானிக், எழுதிக்குங்க. ‘இயக்குநர் ஈரக்குடை தம் பதவிக்காலம் முடியும்வரை காலமாகவில்லை எனக் கொள்ளப்படுவார்.’ யாருக்காவது மறுப்பு இருக்கா?”

மெக்கானிக் காத்திருந்தார். தணிக்கை அம்மா மறுக்கவில்லை. நூலகர் அழுதுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர்காரர் ஒலிவாங்கியை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார். ஒரு தகப்பனிடம், இல்லை, உங்கள் மகள் செத்துத்தான் போனாள் என்று எப்படி மறுப்பது? ஈரக்குடையும் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்தது.

“ஏகமனதா நிறைவேறியது” என்றார் தலைவர்.

“அப்போ முந்தின தீர்மானத்துக்கு வருவோம்” என்றார் தணிக்கை அம்மா. “இயக்குநர் ஈரக்குடை இருக்காங்க. மறுப்பு எதுவும் வரலை. ஆதரவு மூணு, எதிர்ப்பு ரெண்டு. வரைவுகளை அழிச்சிடலாம்.”

“நான் பண்ணமாட்டேன்” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“நீங்க எதுவும் பண்ண வேண்டாம். தீர்மானம் நிறைவேறினா எந்திரமே பண்ணிடும். நீங்க எழுதின ஏற்பாடுதான்.”

“சார்” என்றார் மெக்கானிக். கம்ப்யூட்டர்காரரைத்தான் கூப்பிட்டார். “அது போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க. கயிறைப் பிடிச்சாரா?”

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“திறந்தேன் சார்” என்றார் கம்ப்யூட்டர்காரர். “திறக்கக்கூடாதுன்னு தெரிஞ்சே திறந்தேன். காலியா இருக்கு. போயிடுச்சு சார்.”

கடைசியாக இன்னொரு சிறு விஷயம் இருந்தது. ஓர் எழுத்தாளரின் உண்மை அடையாளத்தைப் பொதுவில் சொன்னதற்காக மெக்கானிக்கைப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார் தணிக்கை அம்மா. விதி அப்படி. தனிப்பட்ட முறையில் தனக்கு மிகவும் வருத்தம் என்றும் சொன்னார், அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். இன்றைய கூட்டக் குறிப்பை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். யாருக்கும் மறுப்பு இல்லை.

மெக்கானிக் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவர் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“அத்தியாயம்?” என்றாள்.

“போயிடுச்சு.”

“ஏறினாரா, இல்லையா?”

“யாருக்கும் தெரியாது.”

அவள் விசைகள்மேல் கை வைத்தபடி இருந்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது கிளம்பாமல், தள்ளிக்கொண்டு போனார்கள்.

“சரி, சொல்லுங்க. வந்திருந்தவங்க யார் யாரு?”

அவர் சொன்னார். அவள் அடித்தாள். இடம் நிரம்பியது, ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் சொன்னார். தலைவரின் தீர்மானத்தை வார்த்தை மாறாமல் சொன்னார். ‘காலமாகவில்லை’ என்பதை அடித்தாள். அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள்.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?”

“எல்லாரும்.”

“இவளுமா?”

“இவளும்தான்.”

அதையும் அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“பதவிக்காலம் எப்போ முடியுது?”

“அடுத்த வருஷம்.”

“அதுக்கு மேல நீட்டிப்பாங்களா?”

மெக்கானிக் விதியை ஒருதரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“நீட்டிப்பாங்க” என்றார். “வேண்டாம்னு அவ பதில் போடாம இருந்தா போதும்.”